பனி ஊர்க் கொலையும் மார்கழி வாசகரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டுச் சிற்றூர், கொட்டும் பனி, ஒரு பிணம், ஊர் முழுக்க வம்பு. இப்படி ஓடும் நகைச்சுவைக் கொலை மர்ம நாவல்களை ஐப்பசி அடைமழையில் தொடங்கி மார்கழியில் முடிக்கிற வாசகர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் இருக்கிறார்கள். படித்துவிட்டுக் கருத்து எழுதுகிறவர்களும், 'இதையே நம்ம ஊரில் வைத்து எழுதினால் என்ன?' என்று கிளம்புகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

இந்த வகை நாவலில் எதை எதிர்பார்க்கலாம்?

ரத்தம் குறைவு, வம்பு அதிகம். ஊரில் இரண்டாயிரம், மூவாயிரம் பேர் இருப்பார்கள். கொலை நம் கண்ணெதிரே நடக்காது. பிணத்தையும், அதைப் பார்த்தவர்களின் முகங்களையும்தான் பார்ப்போம். துப்பறிகிறவர் போலீஸ்காரராக இருக்கமாட்டார். நூலகர், ரொட்டிக்கடைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியை என்று, ஊரே வந்துபோகும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வார். பெரும்பாலும் மூன்றில் இரண்டு பங்கு தாண்டும்போது இரண்டாவது சாவு விழும். முதல் சாவின் ரகசியம் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தவர்தான் அதில் போவார்.

அமெரிக்காவில் இந்த மென்மையான வகைக்கென்றே 1989 முதல் அகதா விருது வழங்குகிறார்கள். நகைச்சுவை மர்மத்துக்குத் தனியாக லெஃப்டி விருது உண்டு. ஆகவே 'துப்பாக்கிச் சண்டையே இல்லை' என்று குறை எழுதுவது, சைவ ஓட்டலில் உட்கார்ந்துகொண்டு வஞ்சிரம் வறுவல் இல்லையே என்று சத்தம் போடுவது போலத்தான்.

80 பக்கம் தாண்டியும் பிணம் வரவில்லை. குறையாக எழுதலாமா?

எழுதலாம், ஆனால் ஒரு கணக்குப் பார்த்துவிட்டு எழுதுங்கள். 300 பக்க நாவலில் 30 முதல் 45ஆம் பக்கத்துக்குள் முதல் சாவு வந்துவிடுவது வழக்கம். அதைத் தாண்டினால் அந்தப் பக்கங்கள் என்ன செய்தன என்று பாருங்கள். சாகப்போகிறவர் யார் யாரோடு எதற்காக மல்லுக்கு நிற்கிறார் என்பது பதிவாகியிருக்கிறதா? பிணம் விழுந்த நிமிடத்தில் 'இவர் செய்திருக்கலாம்' என்று நான்கு பேரையாவது உங்களால் சொல்ல முடிந்தால் அந்த 80 பக்கம் வீணில்லை. கதாநாயகியின் பழைய காதல், கடைப் பலகாரம், நாய் இந்த மூன்று மட்டும்தான் நினைவில் நிற்கின்றன என்றால் உங்கள் குறை நியாயமானது.

பனிக்காலம் வெறும் அலங்காரமா, கதைக்கு வேலை செய்கிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கதையை மனத்துக்குள் சித்திரை மாதத்துக்கு மாற்றிப் பாருங்கள். எதுவும் கெடவில்லை என்றால் பனி அட்டைப்படத்துக்காக வந்தது. நல்ல நாவலில் குளிர் மூன்று வேலை செய்யும்: ஊரை அடைக்கும், நடந்ததைப் பதிவு செய்யும், சாவின் நேரத்தைக் குழப்பும்.

அடைப்பது எளிதாகப் புரியும். சாலை மூடிவிட்டது, வெளியாள் வர வழியில்லை, செய்தவர் உள்ளூர்க்காரர். ஆனால் பனி அள்ளும் வண்டி எந்தத் தெருவை எத்தனை மணிக்குத் திறந்தது என்று ஆசிரியர் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரம் பிறகு மாறினால் கதை அங்கேயே கிழிகிறது. அந்த வண்டி சுவடுகளையும் அழித்துவிடும் என்பதைப் பல நாவல்கள் மறந்துவிடுகின்றன.

பதிவு என்பது சுவடு மட்டுமில்லை. பிணத்தின் மேல் பனி, கீழே தரை காய்ந்திருக்கிறது என்றால் பனி தொடங்குவதற்கு முன்பே அவர் அங்கே விழுந்துவிட்டார். மேலும் பனி, கீழும் பனி என்றால் நடுவில் விழுந்தார். மேலே பனியே இல்லை, கீழே மட்டும் உண்டு என்றால் பனி நின்ற பிறகு விழுந்தார், அல்லது யாரோ கொண்டுவந்து போட்டார்கள். இந்த மூன்றில் எது என்று நாவல் தெளிவாகக் காட்டினால்தான் வாசகரும் கூடவே யோசிக்க முடியும்.

மூன்றாவதில்தான் ஆசிரியர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். இறந்த உடலின் உள்வெப்பம் சாதாரண அறையில், முதல் சில மணி நேரத்தில், மணிக்கு ஏறக்குறைய முக்கால் டிகிரி செல்சியஸ் வீதம் குறையும் என்பது ஒரு தோராயக் கணக்கு. உடுப்பு, உடல் பருமன், காற்று, ஈரம் எல்லாம் அதை மாற்றும். ஆகவே பனியில் கிடந்த உடலைத் தொட்டுப் பார்த்து 'இரவு 9.40க்கு இறந்தார்' என்று சொல்லும் மருத்துவரை நம்பாதீர்கள். பிண விறைப்பும் அப்படியே. மிதமான வெப்பத்தில் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தொடங்கி, பன்னிரண்டு மணி நேர அளவில் முழுமையாகும். கடுங்குளிர் அதைத் தள்ளிப்போடும். உறைந்து கட்டையான உடல் வேறு, பிண விறைப்பு வேறு. உறைந்த உடல் இளகிய பிறகு அசல் விறைப்பு வந்து போகும். இது தெரிந்து எழுதிய ஆசிரியர் ஒரு முழு அத்தியாயத்தையே இதன்மேல் கட்டலாம். தெரியாமல் எழுதியவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்.

இன்னொரு நுணுக்கம், இறந்த பிறகு தோலுக்கடியில் தங்கும் ரத்தத்தின் நிறம். கார்பன் மோனாக்சைடு நச்சில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும் என்பதைப் பலர் படித்திருப்பார்கள். குளிரில் கிடந்த உடலிலும் அதே போன்ற நிறம் வரலாம். காரின் புகைக்குழாயைப் பனி அடைத்துவிட்டதால் வந்த விபத்தா, வெளியே கிடந்து குளிரில் செத்தாரா, கொன்று வெளியே போட்டார்களா? இந்த மூன்று கதைக்கும் ஒரே நிறம் சாட்சி சொல்லும் என்பதுதான் வேடிக்கை.

உருகிப்போகும் பனிக்கட்டிக் கத்தி ஆயுதமாக வந்தால் அரை நட்சத்திரம் குறைக்கலாம். தேய்ந்த உத்தி.

பனியே பார்க்காதவருக்கு இந்த விவரங்கள் புரியுமா?

சிலவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் போதும். முதலாவது, அமெரிக்க நாவலில் வரும் டிகிரி ஃபாரன்ஹீட். '20 டிகிரி' என்று படித்ததும் தேவனாம்பட்டினக் கடற்கரையின் மார்கழி விடியல் என்று நினைத்துவிடுவோம். அது நம் கணக்கில் மைனஸ் 7. மைனஸ் 40 மட்டும் இரண்டு அளவிலும் ஒன்றுதான்.

அந்த ஊர்களில் டிசம்பர் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். 'மாலை ஐந்து மணிக்கு ஜன்னல் வழியாக அவரைத் தெளிவாகப் பார்த்தேன்' என்று ஒரு சாட்சி சொன்னால், தெருவிளக்கு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். நமக்கு மார்கழியிலும் ஐந்தே முக்கால் வரை வெளிச்சம் இருப்பதால் அந்தப் பொய்யை எளிதில் விழுங்கிவிடுகிறோம்.

ஏரி உறைந்த பிறகு அதன்மேல் குடில் போட்டு, துளையிட்டு மீன் பிடிப்பார்கள். ஆள் நடக்கத் தெளிவான பனிக்கட்டி 10 செ.மீ. கனமாவது வேண்டும், கார் போக 25 முதல் 30 செ.மீ. வேண்டும் என்பது பொதுவான பாதுகாப்பு அளவு. கார் மூழ்கி ஒருவர் சாகிறார் என்றால், உள்ளூர்க்காரர் ஏன் அந்த இடத்தில் ஓட்டினார் என்ற கேள்வியே ஒரு தடயம். கடுங்குளிர் ஊர்களில் இரவில் காரின் எஞ்சினைச் சூடாக வைக்க மின்கம்பியில் இணைத்துவிட்டுத் தூங்குவார்கள். காலையில் ஒரு கார் மட்டும் இணைப்பில் இல்லாமலேயே உடனே கிளம்புகிறதா? அது இரவில் ஓடியிருக்கிறது.

வாசலில் பனிக்காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் பழக்கத்துக்கு நமக்கு விளக்கம் தேவையில்லை. வாசலில் கிடக்கும் செருப்பை வைத்தே உள்ளே யார் வந்திருக்கிறார் என்று சொல்லிவிடுகிற ஊர் இது.

சாவை வைத்துச் சிரிக்கலாமா?

எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. செத்தவரின் வலியை நல்ல ஆசிரியர் நகைச்சுவையாக்கமாட்டார். துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் பந்தியைப் பற்றிக் கவலைப்படுகிறவரை, பிணத்தைத் தான்தான் முதலில் பார்த்ததாக உரிமை கொண்டாடும் இருவரை, ஊர்க் கமிட்டியின் பதவிச் சண்டையைப் பார்த்துச் சிரிக்கவைப்பார். இதெல்லாம் சாவு வீட்டில் உட்கார்ந்து கவனித்தவருக்குப் புதிதில்லை. ஏழையின் பேச்சையோ, வேற்றூரிலிருந்து வந்தவரின் உச்சரிப்பையோ மட்டும் நம்பி ஓடும் நகைச்சுவையைத் தயங்காமல் குறை சொல்லுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்த வகையில் சிரிப்புதான் தடயத்தை ஒளித்துவைக்கும் இடம். ஒருவர் தன் ஒரு கையுறை காணாமல்போனதைப் பற்றி அரைப்பக்கம் புலம்புகிறார். நாம் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். 200 பக்கம் கழித்து அந்தக் கையுறை வேறோர் இடத்தில் கிடைக்கிறது. நகைச்சுவைக் காட்சிகளை எல்லாம் எடுத்துவிட்டாலும் மர்மம் அப்படியே நிற்கிறது என்றால், சிரிப்பும் கொலையும் இரண்டு தனிப் புத்தகங்களாகவே இருக்கின்றன என்று பொருள். கருத்தில் சொல்ல வேண்டிய மிக முக்கியமான குறை அது.

சிரிக்கவைக்கும் துப்பறிவாளர் தமிழுக்குப் புதியவர் அல்லர். தேவன் ஆனந்த விகடனில் எழுதிய சாம்பு, அசட்டுத்தனத்தாலும் அதிர்ஷ்டத்தாலுமே வழக்குகளை முடித்தவர். அந்தப் பழக்கத்தில் வந்த நமக்கு, தற்செயலாக உண்மை வெளிவருவது உறுத்துவதில்லை. பனி ஊர் நாவலின் ஒப்பந்தம் வேறு: அதில் அதிர்ஷ்டம் துப்பறிகிறவரைச் சிக்கலில் மாட்டிவிடலாம், தீர்வைக் கொண்டுவந்து கொடுக்கக்கூடாது.

முடிவு நியாயமானதா என்று எப்படிச் சோதிப்பது?

ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். பாதி கிண்டல், பாதி நிஜம். அவற்றில் இன்றும் நிற்பவை இரண்டு: குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே பெயரோடு வந்திருக்க வேண்டும்; துப்பறிகிறவர் பார்த்த தடயம் வாசகருக்கும் காட்டப்பட வேண்டும்.

படித்து முடித்ததும் கடைசி விளக்க அத்தியாயத்தில் சொல்லப்படும் தடயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து முதல் எட்டு வரை இருக்கும். பிறகு ஒவ்வொன்றும் முதலில் எந்தப் பக்கத்தில் வந்தது என்று பின்னோக்கித் தேடுங்கள். பாதிக்குமேல் கடைசிக் கால்பகுதியில்தான் வந்திருக்கின்றன என்றால் உங்களை ஓடவிட்டுக் கடைசியில் முடிவுக்கோட்டை நகர்த்தியிருக்கிறார்கள். ஒரு தடயம் எங்குமே வரவில்லை என்றால் ஏமாற்று. எல்லாம் முதல் 50 பக்கத்திலேயே வந்தும் கவனிக்கத் தவறினோம் என்றால், ஆசிரியரைப் பாராட்டிவிட்டுப் புத்தகத்தை அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

குற்றவாளியே துப்பறிகிறவரைக் கொட்டகையில் அடைத்துவைத்து, செய்ததை எல்லாம் வரிசையாக ஒப்பிக்கும் காட்சி இந்த வகையின் தொற்றுநோய். அந்த வாக்குமூலத்தை நீக்கினாலும் கதாநாயகியிடம் போதுமான ஆதாரம் இருந்ததா என்று பாருங்கள். பல நாவல்கள் இங்கே தேறுவதில்லை.

பெயர்கள் குழம்புகின்றன. என்ன செய்வது?

அட்டைக்குள் ஒரு துண்டுத்தாள் வையுங்கள். பெயர், தொழில், செத்தவரோடு என்ன தகராறு என்ற மூன்றையும் மட்டும் எழுதுங்கள். பன்னிரண்டு பேருக்குமேல் போனால் குறை உங்களுடையது அல்ல. ஒரே எழுத்தில் தொடங்கும் மூன்று பெயர்களை வைத்த ஆசிரியரையும் மன்னிக்கத் தேவையில்லை.

தொடரின் ஐந்தாவது நாவல்தான் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. படிக்கலாமா?

தாராளமாக. ஒவ்வொன்றிலும் வழக்கு தனி. ஒரே ஆபத்து, முந்தைய நாவல்களில் யார் சிறைக்குப் போனார் என்பது பேச்சுவாக்கில் வெளிப்பட்டுவிடும்.

கருத்து எழுதும்போது எதுவரை சொல்லலாம்?

முதல் பிணம் வரை நடப்பவை பொதுச்சொத்து. அதற்குப் பிறகு நடப்பதில் பெயரைச் சொல்லாமல் தன்மையை மட்டும் சொல்லுங்கள். இரண்டாவது சாவு யாருடையது என்பதைச் சொல்லவே வேண்டாம், ஏனென்றால் அதோடு ஒரு சந்தேக நபர் பட்டியலிலிருந்து போய்விடுகிறார்.

தெரியாமல் காட்டிக்கொடுக்கும் வாக்கியங்களும் உண்டு. 'யாருமே எதிர்பார்க்காத ஆள்' என்று எழுதினால் வாசகர் உடனே மிகச் சாதுவான பாத்திரத்தைப் பிடித்துக்கொள்வார். துணைப் பாத்திரம் ஒன்றைக் காரணம் சொல்லாமல் விழுந்து விழுந்து பாராட்டினாலும் அதே கதிதான். 'நான் 60ஆம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன்' என்று எழுதுகிறவர், தடயத்தை வைத்துக் கண்டுபிடித்தாரா, 'இந்த வகையில் எப்போதும் அந்த மாதிரி ஆள்தான்' என்ற பழக்கத்தில் ஊகித்தாரா என்பதையும் சொல்ல வேண்டும். முதலாவது ஆசிரியருக்குப் பெருமை, இரண்டாவது குறை.

இப்படி ஒரு பத்தி போதும்: 'பனிப்புயலில் அடைபட்ட ஊர். தேவாலயப் பாடகர் குழுவின் தலைவர் இறந்துகிடக்கிறார். அவரைப் பிடிக்காதவர் பட்டியல், குழுவின் வருகைப் பதிவேட்டைவிட நீளம். முதல் நூறு பக்கம் சிரித்துக்கொண்டே போகிறது. நடுவில் ஒரு நாற்பது பக்கம் சமையல் குறிப்பில் தேங்குகிறது. குளிர் கதைக்குள் வேலை செய்கிறது. முடிவு நியாயமாகப் பட்டது. போலீஸ் அதிகாரியை மட்டும் தேவைக்குமேல் முட்டாளாக்கியிருக்கிறார்கள்.' அட்டையில் அச்சிட்டிருக்கும் கதைச்சுருக்கத்தை மறுபடி எழுதுவதைவிட இது பயன்படும்.

இதே மாதிரி ஒரு கதையைக் கடலூரில் வைத்து எழுத முடியுமா? நமக்குப் பனி ஏது?

பனி இல்லை, புயல் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பல நாள் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று கொட்டியது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கரையோர ஊர்களைச் சூழ்ந்தது. ஊரை அடைத்துவைக்க இதைவிட என்ன வேண்டும்?

ஒரு வித்தியாசத்தை மட்டும் மறந்துவிடக்கூடாது. பனி சுவடைக் காப்பாற்றும், மழை அழிக்கும். வெளியே தடயம் வைக்க முடியாது என்பதால் கதையை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டியிருக்கும். சுவரில் வெள்ளம் ஏறி இறங்கிய கறைக்கோடு, நின்றுபோன கடிகாரம், மொட்டைமாடிக்குத் தூக்கிவைத்த பொருள்களில் விடுபட்டது எது என்பவை நம் ஊர்த் தடயங்கள். மின்வெட்டில் மூடிய அறைக்குள் ஜெனரேட்டர் ஓடினால் கார்பன் மோனாக்சைடு. பனியில் புதைந்த காருக்கு நம் ஊர்ப் பதிலி அதுதான். செல்போன் கோபுரமும் படுத்துவிட்டதால் 'உடனே போலீசுக்குப் போன் செய்திருக்கலாமே' என்ற கேள்வியும் அடிபடுகிறது.

மழை விட்ட மார்கழி நாளில் கதை நடந்தால் வாசல் கோலம் இருக்கிறது. நாலரை, ஐந்து மணிக்குப் போட்ட கோலமும் நடுவில் சாணத்தில் செருகிய பூசணிப்பூவும் ஏழு மணிக்குக் கலையாமல் இருந்தால் அந்த வாசலை யாரும் தாண்டவில்லை. வந்தவர் கொல்லைப்புறமாக வந்தார், அல்லது கோலம் போடும் முன்பே உள்ளே இருந்தார், அல்லது கோலம் போட்டவரே பொய் சொல்கிறார். அரிசிமாவா, கல்மாவா என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். அரிசிமாவுக் கோலத்தில் வெயில் ஏறுவதற்குள் எறும்பு வரிசை கட்டியிருக்கும். பத்து மணிக்கும் எறும்பே இல்லாத கோலத்தைக் காட்டி 'அரிசிமாவில் போட்டேன்' என்று சொல்கிறவரிடம் துப்பறிகிற மாமி இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாம்.

விவரப் பிழைகள்தான் உள்ளூர் வாசகரை முதலில் எரிச்சலூட்டும். மார்கழிக் கதையில் பண்ருட்டிப் பலாப்பழம் பழுத்துத் தொங்கக்கூடாது. அது கோடைப் பழம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. டிசம்பரில் படகுகள் கரையில் கிடக்கின்றன என்றால் காரணம் துறைமுகத்தில் ஏற்றிய புயல் கூண்டு. 'கடலூர் ஸ்டேஷனில் இறங்கினான்' என்று மொட்டையாக எழுதினால் திருப்பாதிரிப்புலியூரா, முதுநகர்ப் பக்கத்து துறைமுகம் சந்திப்பா என்று கேட்பார்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு நேர் ரயில் பாதை இல்லை; விழுப்புரம் சுற்றித்தான் போக வேண்டும். சாலை வழியோ 25 கிலோமீட்டருக்குள். 'ரயிலில் போனேன்' என்று சொல்லும் சந்தேக நபரைப் பிடிக்க இது ஒன்றே போதும்.

எல்லையில் பிணம் கிடந்தால் எந்த போலீஸ்?

கடலூர்–புதுச்சேரி வட்டாரக் கதைக்குக் கிடைத்த பெரிய வரம் இந்த எல்லை. ஆல்பேட்டை தாண்டி, தென்பெண்ணைப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம் வரை தமிழ்நாடு. முள்ளோடையில் புதுச்சேரி தொடங்கிவிடும். உள்ளே பாகூர்ப் பக்கம் போனால் எந்த வயல் எந்த அரசுக்கு என்று உள்ளூர்க்காரரைக் கேட்டால்தான் தெரியும். 1918 நவம்பரில் பிரெஞ்சுப் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியைப் பிரிட்டிஷ் போலீஸ் கைது செய்து கடலூர்ச் சிறையில் வைத்தது. அன்று ஆளைப் பிடிக்கப் பயன்பட்ட கோடு, நகைச்சுவை நாவலில் பிணத்தைத் தள்ளிவிடப் பயன்படும். சாக்குப்பையைப் பார்த்ததும் இரண்டு பக்கத்து ஏட்டுகளும் முதலில் மதுப் பாட்டில் கடத்தல் என்றே நினைப்பார்கள். அங்கேயே ஒரு காட்சி தயார்.

சட்டத்தைச் சரியாக வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் கொலைக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவு. அதற்கு முன் நடந்த கதை என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302. சந்தேக மரணத்துக்கு அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174, இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 194. எல்லைக்கு வெளியே நடந்த குற்றமானாலும் புகாரைப் பதிய மறுக்கக்கூடாது, பூஜ்ய எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். விதி அப்படி, ஆனால் 'அது உங்க லிமிட் சார்' என்ற பேச்சு நிற்பதில்லை என்பதில்தான் சிரிப்பு. அடையாளம் தெரியாத பிணம் என்றால் தமிழ்நாட்டுப் பக்கம் பெரும்பாலும் வி.ஏ.ஓ. புகார் கொடுப்பார். நிலையத்தில் எல்லாம் தெரிந்தவர் ரைட்டர். இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போவார், ரைட்டரின் நினைவு போகாது. துப்பறிகிற மாமிக்குத் தகவல் கசிய வேண்டிய வழி அதுதான்.

பனி ஊர் நாவலில் கதாநாயகி போலீஸ் தலைவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். இங்கே அது நடக்காது. வயதான அம்மாள் இளம் எஸ்.ஐ.யை 'தம்பி' என்பார், அவர் 'சொல்லுங்கம்மா' என்பார். உயரதிகாரி வந்ததும் தம்பி உடனே 'சார்' ஆகிவிடுவார்.

அதே இரவில் பிரேதப் பரிசோதனை முடிந்து மர்மம் அவிழ்வதாக எழுதாதீர்கள். சூரியன் மறைந்த பிறகும் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்தபோது, கொலை, தற்கொலை, சந்தேக மரணம் ஆகியவற்றுக்கு, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால் தவிர, அந்தச் சலுகை தரப்படவில்லை. உள்ளுறுப்பு ரசாயனப் பரிசோதனை முடிவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில்தான் ஊர் தன் தீர்ப்பை எழுதிவிடும்.

நம் தட்பவெப்பத்தில் சாவு நேரம் எப்படி?

மார்கழி இரவிலும் 20, 22 டிகிரிக்குக் கீழே அரிதாகவே போகும். உடலுக்கும் காற்றுக்கும் வித்தியாசம் குறைவு என்பதால் உடல் மெதுவாகத்தான் குளிரும். வெப்பத்தை வைத்துச் சொல்லும் நேரத்தில் பிழை அதிகமாகும். விறைப்பு ஓரிரு மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். பனி ஊரில் மூன்று நாள் கெடாமல் கிடக்கும் பிணத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அடுத்த நாளே அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும். மறைத்தே ஆக வேண்டும் என்றால் மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் இருக்கிறது. கருவாட்டு வாடையும் இருக்கிறது.

கொலைக்குக் காரணம் உள்ளூர்ச் சரக்காக வேண்டும். ஏதாவது?

நிலத் தகராறு எல்லா ஊரிலும் உண்டு. இந்த ஊருக்கே உரியது ஓய்வூதியம். மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தாக் குடும்பங்களுக்கு பிரான்சிலிருந்து வரும் ஓய்வூதியத்துக்கும் அப்படி ஒரு சான்று உண்டு. பெரியவர் ஐப்பசியிலேயே போய்விட்டார், கார்த்திகையில் அவர் உயிரோடு இருந்தாக வேண்டும். கொலையே இல்லாமல்கூட ஒரு பிணத்தை மறைக்கப் போதுமான காரணம் இது. அதைப் பார்த்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு நேர்வதுதான் கொலை. 2014 நவம்பரில் வந்த ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்ச் சான்று முறையில் கைரேகையோ முகமோ தேவை என்பதால், இன்றைய கதையில் ஆள்மாறாட்டம் எப்படி என்று யோசித்து வைக்க வேண்டும். கதையை 2010க்கு நகர்த்தினால் ஒரு கையெழுத்து போதும்.

புத்தகம் எங்கே கிடைக்கும்? கூடிப் படிப்பது எப்படி?

கடலூர் மாவட்ட மைய நூலகத்திலும், 1827இல் தொடங்கிய புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்திலும் ஆங்கிலப் புதினப் பகுதியைத் துழாவுங்கள். அட்டையில் பூனை, ரொட்டி, பனிமூடிய தேவாலயம் மூன்றில் ஒன்று இருந்தால் பெரும்பாலும் இந்த வகைதான்.

ஆறேழு பேர் சேர்ந்து படிப்பதானால் இரண்டு அமர்வாக வையுங்கள். முதல் அமர்வு நாவலின் முக்கால் பங்கு வரை, இரண்டாவது சாவு நடந்த அத்தியாயத்தோடு நிறுத்துங்கள். ஒவ்வொருவரும் சந்தேகப்படும் பெயரையும் அதற்கான ஒரு பக்க எண்ணையும் சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். பக்க எண் இல்லாத சீட்டு செல்லாது. முழுவதும் படித்துவிட்டவரை அந்த முதல் அமர்வுக்குக் கூப்பிடாதீர்கள். வாயைத் திறக்காவிட்டாலும் யாராவது சரியான பெயரைச் சொல்லும்போது முகம் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது அமர்வில் சீட்டுகளைப் பிரித்துப் படித்துவிட்டு, தவறாக ஊகித்தவர்களை முதலில் பேசவிடுங்கள். எந்தப் பக்கத்தில் ஏமாந்தார்கள் என்பதை அவர்களால்தான் சொல்ல முடியும்.